கோயில் இருக்கிறது, கோயில் தெரு எங்கே?

வண்டலூரிலிருந்து படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத் செல்லும் சாலை, கடந்த இருபது ஆண்டுகளில் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்களை ஒட்டி இன்று வாகன ஆலைகள் நிற்கின்றன. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. கோமாட்சு, யமஹா போன்ற ஜப்பானிய நிறுவனங்களும் இவ்வட்டாரத்தில் ஆலை அமைத்தன. ஆலைகளோடு ஜப்பானிய மொழி கற்கும் ஆர்வமும் வளர்ந்தது. தாம்பரம், படப்பை வட்டாரத்தில் பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகள் மேற்படிப்பு என்றதும் அமெரிக்கா, ஜெர்மனி ஆகியவற்றோடு ஜப்பானையும் இப்போது எண்ணிப்பார்க்கிறார்கள்.

இதே சாலை வாலாஜாபாத்தைத் தாண்டினால் காஞ்சிபுரத்துக்கு இட்டுச்செல்கிறது. ஆலைகளுக்கும் ஆலயங்களுக்கும் நடுவில் இருக்கும் ஊர் படப்பை. இந்த இருப்பிடமே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது எனலாம்.

என் பழைய மாணவர் ஒருவரின் மகள் கியோட்டோவில் முதுநிலைப் படிப்பு படிக்கிறார். கிழக்கு மலைச்சரிவில் உள்ள கியோமிசு கோயிலுக்குச் சென்றுவந்தவர், படங்களோடு ஒரு கேள்வியையும் எனக்கு அனுப்பினார். “கோயிலைக் காப்பாற்றியிருக்கிறார்கள், அது புரிகிறது. ஆனால், கோயிலுக்கு ஏறிச்செல்லும் தெருக்களில் இருப்பவை தனியார் வீடுகள், கடைகள். அவற்றை ஏன் யாரும் இடித்துவிட்டு நான்கு மாடி கட்டவில்லை?” என்பதே அக்கேள்வி. அழகை வியந்து நின்றுவிடாமல் அதன் பின்னே உள்ள கணக்கைக் கேட்டது எனக்கு மகிழ்ச்சியளித்தது. அவருக்கு எழுதிய விடையின் விரிவே இது. விடை கியோட்டோவைப் பற்றியது; ஆனால், நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

காஞ்சிக்கு வந்த மாணவர்கள்

அயல்நாட்டு மாணவர் ஒருவர் கோயில் நகரத்தைக் கூர்ந்து பார்ப்பது புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் நாலந்தாவில் பயின்ற சீனத் துறவி யுவான் சுவாங்கின் பயணக் குறிப்புகள், காஞ்சியில் நூறு அளவிலான பௌத்த மடங்கள் இருந்ததாகச் சொல்கின்றன. கட்டடங்களோடு மக்களின் இயல்பையும் நிலத்தின் விளைவையும் அவர் குறித்துவைத்தார்.

நம் காலத்தில் அதற்கு இணையான பெயர் நொபொரு கராஷிமா. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர். நம் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளை அவர் ஊரின் கணக்கேடாகப் படித்தார். திருச்சிக்கு அருகே உள்ள அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரு ஊர்களின் சோழர்காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, ஓர் ஊரில் நிலம் பொதுவாகவும் மற்றதில் தனித்தனி உடைமையாகவும் இருந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். இந்திய அரசு 2013இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. கோயிலைப் பார்ப்பவர் நிலம் யாரிடம் இருந்தது, செலவு யார் தலையில் விழுந்தது, முடிவெடுக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்று கேட்க வேண்டும் என்பதே அவரது ஆய்வு நமக்குக் கற்பித்த பாடம். கியோட்டோவில் நிற்கும் தமிழ் மாணவரும் அதே கேள்விகளைக் கேட்கலாம்.

தற்செயலாகப் பிழைத்த தெரு அன்று

கியோட்டோ 794 முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பானின் தலைநகராக இருந்தது. கியோமிசு கோயில் 778இல் நிறுவப்பட்டதாக மரபு கூறுகிறது. இன்றுள்ள முதன்மை மண்டபம் 1633இல் மீண்டும் எழுப்பப்பட்டது. சரிவிலிருந்து ஏறத்தாழ 13 மீட்டர் உயரத்தில் மரத்தூண்கள் தாங்கிநிற்கும் அதன் மேடை உலகப் புகழ்பெற்றது. அங்கிருந்து இறங்கும் சன்னென்சாகா, நினென்சாகா என்ற கல்படித் தெருக்களின் இருபுறமும் தாழ்வான ஓட்டுக்கூரையும் மரச்சட்ட முகப்பும் கொண்ட வீடுகள் வரிசையாக நிற்கின்றன.

இரண்டாம் உலகப்போரில் பெரும் குண்டுவீச்சுக்கு ஆளாகாததால் கியோட்டோ பிழைத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. போருக்குத் தப்பிய நகரத்தைப் போருக்குப் பிந்தைய வளர்ச்சி விட்டுவைக்கவில்லை. 1964இல் 131 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று ரயில் நிலையத்துக்கு எதிரே எழுந்தபோது பெரும் சர்ச்சை மூண்டது. மர வீடுகள் இருந்த இடங்களில் கான்கிரீட் கட்டடங்கள் முளைத்தன. அந்தப் போக்கைத் தடுக்க 1972இல் நகராட்சி ஒரு நகரத் தோற்ற விதியை இயற்றியது. 1975இல் ஜப்பானிய நாடாளுமன்றம் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, தனிக் கட்டடங்களோடு ‘கட்டடத் தொகுதி’களையும், அதாவது முழுத் தெருவையே, பாதுகாக்க வழிசெய்தது. 1976இல் அச்சட்டத்தின் கீழ் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட 7 பகுதிகளில் சன்னென்சாகாவும் ஒன்று. இன்று நாடெங்கும் அத்தகைய பகுதிகள் 120க்கும் மேல் உள்ளன.

அந்தச் சட்டம் இயங்கும் விதம் எளிமையானது. வீடு உரிமையாளருடையதாகவே நீடிக்கும். உள்ளே நவீனச் சமையலறையோ குளிர்சாதனமோ அமைத்துக்கொள்ளலாம். ஆனால், தெருவை நோக்கிய முகப்பு, கூரை, உயரம் ஆகியவற்றை மாற்ற நகராட்சியின் அனுமதி வேண்டும். பழைய முறையில் முகப்பைப் பழுதுபார்க்க ஆகும் கூடுதல் செலவில் ஒரு பகுதியை அரசும் நகராட்சியும் ஏற்கின்றன. பகுதியைத் தேர்ந்தெடுக்கும் முன் குடியிருப்போரோடு பேசி இணக்கம் காண்பது வழக்கம்.

இதைப் பொருளியலில் ‘புறவிளைவு’ என்ற கருத்தால் விளக்குவோம். ஒரு தெருவில் நாற்பது வீடுகள் பழைய தோற்றத்தில் இருந்தால் அந்த அழகின் பயன் நாற்பது பேருக்கும் கிடைக்கிறது. அவர்களில் ஒருவர் மட்டும் இடித்து நான்கு மாடி கட்டினால், மற்ற முப்பத்தொன்பது வீடுகள் தந்த அழகையும் அனுபவித்துக்கொண்டு கூடுதல் வாடகையையும் அவர் பெறுவார். நட்டம் எல்லோருக்கும் பகிர்ந்துபோகும். இலாபம் அவருக்கு மட்டும். இதைக் காணும் அடுத்த வீட்டுக்காரர் தாமும் இடிப்பார். ஒவ்வொருவரும் தமக்கு நல்லது எதுவோ அதைச் செய்ய, தெரு இல்லாமல் போய்விடும். இதில் யாரையும் பேராசைக்காரர் என்று திட்டிப் பயனில்லை. எல்லோரையும் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்தும் விதியும், அந்த விதியால் இழப்புக்கு ஆளாகிறவருக்கு ஈடும் இருந்தால்தான் தெரு நிற்கும். மாணவியின் கேள்விக்கு விடை இதுதான்.

2007இல் கியோட்டோ இன்னும் ஓர் அடி முன்வைத்தது. நகர மையத்தின் பெருஞ்சாலைகளில் கட்டட உயர வரம்பை 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகக் குறைத்தது. உட்புறத் தெருக்களில் வரம்பு 15 மீட்டர். கட்டட உச்சி விளம்பரங்களும் மின்னி மின்னி எரியும் விளம்பரங்களும் தடைசெய்யப்பட்டன. ஏற்கெனவே இருந்தவற்றை அகற்ற 7 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. நில மதிப்புக் குறையும் என்று எதிர்ப்பு எழுந்தது. இளம் குடும்பங்களுக்கு நகருக்குள் வீடு கிடைப்பது அரிதாகிறது என்ற விமர்சனம் இன்றும் உண்டு. விதி என்றால் விலையும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது.

50 யென்னுக்காக மூடிய கதவுகள்

அடுத்த கேள்வி: இதற்கெல்லாம் பணம் யார் தருவது? இதில் கியோட்டோவின் வரலாறு சுவையானது. நமக்குப் பழக்கமான காட்சிகளும் அதில் உண்டு.

1985 ஜூலையில் நகராட்சி ஒரு வரியைக் கொண்டுவந்தது. புகழ்பெற்ற கோயில்களுக்கு வரும் பெரியவர்களிடம் தலைக்கு 50 யென் வசூலித்து, பழம்பெருமைப் பாதுகாப்புக்குச் செலவிடுவது திட்டம். வரியை வசூலித்துத் தரும் பொறுப்பு கோயில்களுடையது. வழிபாட்டுக்கு வருகிறவர்மீது வரி போடுவது மதச் சுதந்திரத்தில் தலையிடுவதாகும் என்று கோயில்கள் எதிர்த்தன. கியோமிசு, கின்ககு உள்ளிட்ட பெரிய கோயில்கள் பார்வையாளருக்குக் கதவை அடைத்தன. பயணிகள் குறைந்து, தங்கும் விடுதிகளும் கடைகளும் தவித்தன. 1988 மார்ச்சில் வரி கைவிடப்பட்டது.

கோயில்களின் பிடிவாதத்துக்கு ஒரு பொருளாதாரக் காரணமும் இருந்தது. மெய்ஜி அரசு 1871இல் கோயில் நிலங்களின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. அதன்பின் பெரிய கோயில்கள் பல, நன்கொடையையும் நுழைவுக் கட்டணத்தையுமே நம்பி வாழ்ந்தன. அந்த வருவாயில் கைவைத்ததால்தான் அவ்வளவு சினம்.

நகராட்சி அந்தத் தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டது. 2018 அக்டோபரில், கோயில் வாசலை விட்டுவிட்டு விடுதியில் வரி விதித்தது. வழிபட வருபவரிடம் எதுவும் கேட்கவில்லை. இரவு தங்குபவரிடம் அறைக் கட்டணத்துக்கு ஏற்ப 200 முதல் 1,000 யென் வரை வாங்கியது. 2026 மார்ச் முதல் மிக விலையுயர்ந்த அறைகளுக்கு இது ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 10,000 யென் வரை உயர்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் வரும் மாணவர்களுக்கும் உடன்வரும் ஆசிரியர்களுக்கும் விலக்கு உண்டு. ஜப்பானியப் பள்ளிகள் பிள்ளைகளைக் கியோட்டோவுக்கும் நாராவுக்கும் அழைத்துச்செல்வது நீண்ட காலப் பழக்கம். அடுத்த தலைமுறைக்கு அறிமுகம் செய்யும் பயணத்துக்கு வரி வேண்டாம் என்று முடிவுசெய்ததை நான் நல்ல பொருளியல் என்றே கருதுகிறேன்.

கியோட்டோவின் தோல்விகள்

இத்தனையும் சொன்னதால் கியோட்டோவை முன்மாதிரியாக்கிப் பூசை செய்ய வேண்டியதில்லை. ‘மாச்சியா’ எனப்படும் பழைய மர வீடுகளை அந்நகராட்சி பல்கலைக்கழகத்தினர், தன்னார்வலர்கள் உதவியோடு அவ்வப்போது எண்ணிவருகிறது. 2009 அளவில் ஏறத்தாழ 47,700 ஆக இருந்த எண்ணிக்கை 2016இல் ஏறத்தாழ 40,100 ஆகச் சரிந்தது. பாதுகாக்கப்பட்ட சில தெருக்களுக்கு வெளியே, ஆண்டுக்கு ஆயிரத்தை ஒட்டிய வீடுகள் மறைந்தன என்று பொருள். பரம்பரை வரி, பழுதுச் செலவு, வாரிசுகள் வேறிடம் சென்றுவிடுதல் ஆகியவை முக்கியக் காரணங்கள்.

காக்கப்பட்ட தெருக்களிலோ வேறொரு சிக்கல். கூட்டம் பெருகி, உள்ளூர் முதியவர்கள் நகரப் பேருந்தில் ஏற முடியாத நிலை வந்தது. 2024 ஜூனில் கியோமிசு பக்கம் செல்லும் பயணிகளுக்கெனத் தனி விரைவுப் பேருந்துகளை நகராட்சி இயக்கத் தொடங்கியது. கட்டணம் 500 யென், வழக்கமான நகரப் பேருந்தைப் போல இரு மடங்குக்கும் மேல். கியோன் பகுதியில் கெய்ஷா கலைஞர்களைத் துரத்திப் படமெடுத்த பயணிகளால் பொறுமையிழந்த குடியிருப்போர், தனியார் சந்துகளில் நுழைவதையே தடைசெய்தனர். அன்றாடத் தேவைக்கான கடைகள் போய் நினைவுப்பொருள் கடைகள் மட்டும் மிஞ்சிய தெரு, முகப்பு அழகாக இருந்தாலும், பாதி இறந்த தெருதான்.

காஞ்சியில் சட்டம் காப்பது எதை?

இனி நம் ஊருக்கு வருவோம். காஞ்சியில் எட்டாம் நூற்றாண்டின் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. ஏகாம்பரநாதரும் வரதராசரும் காமாட்சியும் இருக்கிறார்கள். திருப்பருத்திக்குன்றத்தில் சமணக் கோயில் இருக்கிறது. சிலவற்றை மத்தியத் தொல்லியல் துறையும் பலவற்றை இந்து சமய அறநிலையத் துறையும் பார்த்துக்கொள்கின்றன. குறைகள் ஆயிரம் இருந்தாலும் கற்கோயில்கள் நிற்கின்றன. தெருக்கள்தாம் போய்க்கொண்டிருக்கின்றன. தேர் வரும் வீதிகளில் திண்ணை வைத்த ஓட்டு வீடுகளை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழி அமைந்த நெசவாளர் வீடுகளும் குறைந்துவருகின்றன. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பட்டு பிறந்த வீட்டுக்கு எந்தக் குறியீடும் இல்லை.

நம் சட்டங்கள் கட்டடத்தை நினைத்து எழுதப்பட்டவை. மத்தியப் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி என 2010இன் சட்டத் திருத்தம் வகுத்தது. இது சின்னத்துக்கான வேலி; அந்த வேலிக்குள் இருக்கும் பழைய வீட்டைப் பாதுகாக்க ஒரு ரூபாயும் தராது. பழுதுபார்க்க அனுமதி பெறவே அலைய வேண்டும் என்றால், கூரை தானாக விழட்டும் என்று உரிமையாளர் விட்டுவிடுவதே நடக்கிறது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயர வரம்பு விதித்த அரசாணை நல்ல நோக்கம் கொண்டது. ஆனால், அதை மீறிய கட்டடங்கள் குறித்து நீதிமன்றத்தில் வழக்கு நடத்த வேண்டியிருந்தது. விதி மட்டும் இருந்து, ஈடும் கண்காணிப்பும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2015இல் மத்திய அரசு தொடங்கிய ‘ஹிருதய்’ திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 நகரங்களில் காஞ்சியும் ஒன்று. அத்திட்டம் 2019இல் முடிந்துவிட்டது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. ஆணையம் அமையப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் கோயில்கள், தொல்சின்னங்கள் பாதுகாப்புக்கென 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. இவற்றையெல்லாம் ஒரு தெருவில் கொண்டுவந்து இணைப்பதற்குத்தான் ஆள் இல்லை.

பணம் இல்லை என்பதும் முழு விடையாகாது. கியோட்டோவின் கோயில்கள் நிலத்தை இழந்தவை. அறநிலையத் துறையின் கீழ் உள்ள நம் கோயில்களுக்கு ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருப்பதாக அரசுக் கணக்கு. 2019இல் 48 நாள்கள் அத்தி வரதரைத் தரிசிக்க ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் காஞ்சிக்கு வந்ததாக அன்றைய செய்திகள் கணக்கிட்டன. அந்தக் கூட்டத்தின் குப்பையையும் நெரிசலையும் தெருக்காரர்கள் சுமந்தார்கள். அந்த வருகையிலிருந்து தெருவின் பராமரிப்புக்கெனத் தனியே ஒதுக்கப்படும் நிரந்தர வருவாய் எதுவும் ஊருக்கு உருவாகவில்லை.

யாருடைய தெரு?

கோயில் தெருவைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்தத் தெருக்கள் எல்லோருக்கும் திறந்திருந்தவை அல்ல. 1924-25இல் வைக்கம் போராட்டம் நடந்தது, கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் உரிமைக்காக. தமிழகத்திலும் பல கோயில் தெருக்கள் பலருக்கு மூடப்பட்டிருந்தன. எனவே, பழைய தெருவைக் காப்பது பழைய வரிசைமுறையைக் காப்பதாக ஆகிவிடக் கூடாது. அக்கிரகார முகப்பு பாரம்பரியம் என்றால் தறிச் சத்தம் கேட்கும் நெசவாளர் வீடும், தேர் செய்யும் தச்சர் வீடும், பூக்கட்டுவோர் தெருவும் அதே அளவுக்குப் பாரம்பரியம்தான். எந்தத் தெருவை முதலில் எடுப்பது என்பதை அங்கு வாழ்வோர் அமர்ந்து பேசி முடிவுசெய்ய வேண்டும்.

செய்யக்கூடியவை சில உண்டு. சின்னத்தோடு சேர்த்துத் தெருவையும் ஓர் அலகாக அறிவிக்கும் பிரிவைப் பாரம்பரியச் சட்டத்தில் சேர்த்து, காஞ்சியில் ஒரே ஒரு தெருவில் தொடங்கலாம். முகப்பைக் காக்கும் உரிமையாளருக்குப் பழுதுச் செலவில் பங்கும் சொத்துவரியில் சலுகையும் தர வேண்டும். வீட்டின் உட்புறத்தில் அவர் விருப்பப்படி வசதி செய்துகொள்ள உரிமை வேண்டும். அதற்கான பணத்தை வழிபட வருபவரிடம் கேட்காமல், உயர்கட்டண விடுதிகளிலும் வாகன நிறுத்தங்களிலும் சிறு கட்டணமாகத் திரட்டி, தனிக் கணக்கில் வைத்து, ஆண்டுதோறும் மாநகராட்சி வெளியிட வேண்டும். 50 யென் வரியின் தோல்வியை நாமும் ஒருமுறை பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

இவை அனைத்துக்கும் முன்பு செய்ய வேண்டியது எண்ணுவது. காஞ்சியில் திண்ணை வீடுகள் எத்தனை, தறி இயங்கும் வீடுகள் எத்தனை, ஆண்டுக்கு எத்தனை இடிபடுகின்றன என்ற கணக்கு நம் கையில் வேண்டும். கியோட்டோவுக்குத் தன் இழப்பின் அளவு தெரிவது, வீடு வீடாகச் சென்று எண்ணியதால்தான். காஞ்சியிலும் செங்கல்பட்டிலும் தாம்பரத்திலும் உள்ள கல்லூரிகளின் பொருளியல், வரலாறு, கட்டடக்கலை மாணவர்கள் ஒரு பருவத்துக்குள் இந்தக் கணக்கை எடுத்துவிட முடியும். அதற்கு ஜப்பான் செல்ல வேண்டியதில்லை. தாம்பரத்தில் காஞ்சிபுரம் பேருந்து ஏறினால் போதும்.